மூக்குப்பேணியும் சிரட்டையும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் பகுதிகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் வழங்கும் பெயர்களைக் காதுகொடுத்துக் கேட்டாலே நானூறு ஆண்டு கால வரலாற்றின் சுருக்கம் கிடைத்துவிடும். விறாந்தை, யன்னல், குசினி, கதிரை, மேசை, அலுமாரி, சாவி என்பன யாவும் போர்த்துக்கேய மொழி எமக்குத் தந்த சொற்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தனர். நாற்பது ஆண்டுகளுக்குள் அவர்களது ஆட்சி முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் எமது வீடுகளை விட்டு இன்றுவரை போகவில்லை. ஒல்லாந்தர் தம் பங்குக்குக் கக்கூசு என்ற சொல்லைத் தந்து சென்றனர். படலை, திண்ணை, கிணற்றடி என்பன எமக்கே உரியவை. வீட்டின் நடுவில் வானம் பார்த்துக் கிடக்கும் முற்றமும் எத்தனை ஆட்சிகள் மாறியபோதும் முற்றமாகவே இருந்துவிட்டது.

அந்த முற்றத்தை நடுவில் வைத்து நாற்புறமும் கூரை இறக்கிக் கட்டுவதே நாற்சார் வீடு. பழைய நாளில் யாழ்ப்பாணத்து வளவொன்றில் தனித்தனிக் கட்டடங்கள் இருந்தன. பெறுமதியான பொருட்களையும் தானியத்தையும் வைத்துப் பூட்டக்கூடிய அறையைக் கொண்ட பெரிய வீடு ஒருபுறம், அடுக்களை மற்றொருபுறம், வருவோரை வரவேற்று இருத்தும் தலைவாசல் வேறொருபுறம். இவை முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். செல்வம் சேர்ந்த குடும்பங்கள் இந்தக் கட்டடங்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே கூரை வளையத்துக்குள் கொண்டுவந்தபோது அவற்றின் ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. யார் எதுவரை வரலாம் என்ற ஒழுங்கும் மாறவில்லை. இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் அதற்குத் திரும்பி வருவேன்.

இன்று எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. அவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி புகையிலையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணியேறிச் சென்ற காலம் அது. மற்றொரு பகுதி ஆங்கிலக் கல்வியிலிருந்து வந்தது. 1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அந்த மரபில் ஆங்கிலம் கற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அரசாங்க உத்தியோகம் பெற்றுத் தென்னிலங்கைக்கும், பின்னர் கப்பலேறி மலாயாவுக்கும் சென்றனர். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் பணியாற்றியவர்கள் ஊருக்கு அனுப்பிய காசு சுண்ணாம்புக் கற்சுவர்களாக எழுந்தது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய "மலாயன் பென்சனியர்" சாய்மனைக் கதிரையில் அமர்ந்து ஆங்கிலப் பத்திரிகை வாசித்த விறாந்தைகளை எம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புலம்பெயர்ந்தோர் பணத்தில் ஊரில் வீடெழுவது 1983 இற்குப் பிறகு தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் உண்டு. நூறாண்டுக்கு முன்னரும் இதுவே நடந்தது. கனடாவுக்கும் லண்டனுக்கும் பதிலாக அன்று கோலாலம்பூர் இருந்தது.

கட்டுமானப் பொருட்களிலும் இதே கதைதான். கல் எமது மண்ணின் சுண்ணாம்புக் கல். சாந்து, சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. தீராந்தியும் சலாகையும் வைரம் பாய்ந்த பனை. ஓடு மட்டும் கடல் கடந்து வந்தது. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து அந்தச் சிவந்த தட்டையோடு பல நாடுகளுக்கும் பரவியது. 1905 இல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை பூர்த்தியானதும் தெற்கிலிருந்து பொருட்கள் வருவதும் இலகுவாயிற்று. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்ட பிறகு, சுண்ணாம்புச் சாந்து குழைக்கும் பக்குவத்தை எமது மேசன்மார் படிப்படியாகக் கைவிட்டனர்.

இனி, இவ்வீடுகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, பிரித்தானியர் காலத்தில் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டவலுப் பெற்றது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை மூன்றாக வகுக்கிறது. வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குப் போயிற்று. ஆகவே யாழ்ப்பாணத்து வீடு தாய்வழியிற் கைமாறி வந்த வீடு. கட்டியவர் தந்தையாக இருக்கலாம், ஆனால் உறுதியில் மகளின் பெயரே இருக்கும். ஒரு மகள் என்றாற் சிக்கல் இல்லை. மூன்று மகள்மார் என்றால் நாற்சார் வீட்டின் கீழைச்சார் ஒருத்திக்கு, மேலைச்சார் ஒருத்திக்கு, குசினியோடு கூடிய பகுதி இன்னொருத்திக்கு என்று உறுதி எழுதப்படும். முற்றத்தின் குறுக்கே மதில் எழும். போருக்கு முன்னரே பல நாற்சார் வீடுகளைப் பிளந்தது இந்த உறுதிகள்தாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு போர் வந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் சீமெந்து குடாநாட்டில் அரும்பொருளாயிற்று. ஒழுகிய கூரையைத் திருத்த வழியில்லை. அதே ஆண்டில் யாழ்தேவியும் நின்றது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மறு ஆண்டு மக்கள் திரும்பி வந்தபோது, பல வீடுகளில் நிலையும் இல்லை, கதவும் இல்லை, ஓடும் இல்லை. வலிகாமம் வடக்கில் பலருக்குத் திரும்பி வரவே இடமிருக்கவில்லை. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளில் எவை நிற்கின்றன என்பதை அறியவே அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்.

எஞ்சிய கதவுகளுக்கு வேறொரு ஆபத்து காத்திருந்தது. கொழும்பில் ஜெப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் (1919 - 2003) முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் 1958 இல் ஒரு சிறிய வீட்டை எடுத்து, அடுத்த பத்தாண்டுகளில் அருகிலிருந்த வீடுகளையும் சேர்த்து ஒன்றாக்கினார். பழைய வீடுகளிலிருந்து கிடைத்த கதவுகளையும் தூண்களையும் அதற்குள் அழகாக இருத்தினார். செட்டிநாட்டுத் தூண்களும் அங்குள்ளன. இடிபட்டு விறகாகப் போயிருக்கக்கூடியவற்றை அவர் மதித்துக் காத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கலைஞனின் இரசனை நாகரிகமாகப் பரவும்போது அதற்கொரு சந்தையும் பிறந்துவிடுகிறது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்ததும், அது 2006 இல் மூடப்பட்டு 2009 இற்குப் பின் மீண்டும் திறந்ததும், பழைய கதவு, பெட்டகம், வாங்கு தேடி வியாபாரிகள் வடக்கே வந்தனர். ஆளில்லாத வீட்டின் கதவைப் பராமரிப்பாளர் விற்றார். ஆளுள்ள வீட்டின் கதவை வறுமை விற்றது.

இத்தனையும் என் மனதில் ஓடியது, அண்மையில் வலிகாமத்தில் ஒரு நாற்சார் வீட்டுக்குச் சென்றிருந்தபோது. கனடாவிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய ஒரு தம்பதியினரின் வீடு அது. யாழ் நகரில் நிகழ்ந்த ஒரு நூல் வெளியீட்டில் சில வாரங்களுக்கு முன்னர்தான் அறிமுகமானோம். "அண்ணை, வீட்டுப் பக்கம் ஒருக்கா வாங்கோ. உங்களுக்குக் காட்ட நிறையச் சாமான் கிடக்கு" என்று அழைத்திருந்தனர். அவர்களது பெயரையும் ஊரையும் இங்கு எழுதவில்லை. அவர்கள் அதை விரும்பவும் இல்லை.

வீடு துணைவியாரின் பாட்டியாருக்குச் சீதனமாகக் கிடைத்தது. அடுத்த தலைமுறையில் மூன்று மகள்மாருக்குப் பங்காகி, முற்றத்தின் நடுவே மதில் கண்டது. சித்தியாரின் பிள்ளைகள் லண்டனிலும் மெல்பனிலும் இருக்கின்றனர். மூன்று உறுதிகளையும் ஒன்றாக்குவதற்குத் தமக்கு நான்கு ஆண்டுகள் பிடித்ததாக அவர் சொன்னார். பங்காளிகளில் ஒருவர், நிலையையும் கதவையும் தனியே விற்றாலே நல்ல விலை வரும் என்று ஆலோசனை கூறினாராம். தம்பதியினர் கனடாவில் இருந்த வீட்டை விற்ற பணத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து அந்தப் பங்கை வாங்கினர். அதன் பிறகு அவர்கள் செய்த முதல் வேலை முற்றத்து மதிலை இடித்ததுதான்.

இரண்டாவது வேலை சீமெந்தைச் சுரண்டியது. எழுபதுகளில் யாரோ சுவரின் அடிப்பகுதிக்குச் சீமெந்து பூசியிருந்தனர். சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்புப் பூத்துச் சுவர் உள்ளிருந்தே உதிரும். இதை அறிந்த மேசன் ஒருவரைத் தேடியலைந்து, கடைசியில் அயலூரில் எழுபது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்தனர். அவர் வளவின் மூலையிற் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, அதன் பிறகே சாந்து குழைத்தாராம். அவரோடு வேலை பழகிய இரண்டு இளைஞர்கள் இப்போது வேறு வீடுகளுக்கும் போகின்றனர் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இனி வீட்டின் அலங்காரத்துக்கு வருகிறேன். பழைய பொருட்களை வாங்கி அடுக்கிய வீடுகளைக் கொழும்பிலும் சென்னையிலும் கண்டிருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய வேறொருவரின் பாட்டியின் படம் சுவரில் தொங்கும் வீடுகளும் அவற்றுள் அடங்கும். இங்கோ ஒரு பொருளும் கடையில் வாங்கப்படவில்லை. எல்லாம் அந்த வளவிலிருந்தே எடுக்கப்பட்டவை. உடைந்த ஆட்டுக்கல்லின் குழியில் நீர் நிறைத்து முற்றத்தில் வைத்திருந்தனர். நாம் பேசிக்கொண்டிருக்கையில் புலுனிகள் வந்து குடித்துவிட்டுப் போயின. மலாயாவிலிருந்து பாட்டனார் கொண்டுவந்த தகரப் பெட்டி, பெயரெழுத்துகள் அழியாமல், வாசலிற் செருப்பு வைக்கும் இருக்கையாகியிருந்தது. பட்டையும் கப்பியும் விறாந்தையின் சுவரிற் தொங்கின. ஓலைச் சுளகுகளை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு மின்குமிழைப் பொருத்தியிருந்தனர். மாலையில் அதை ஏற்றியபோது சுவர் முழுவதும் பின்னல் நிழல் விழுந்தது.

யன்னற் கட்டில் வரிசையாக ஏழெட்டு ஜாம் போத்தல்கள் இருந்தன. தொண்ணூறுகளில் குடாநாட்டில் வாழ்ந்த எவருக்கும் அவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் எட்டாத விலை. போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்குச் சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய குழாயினூடாகத் திரியை எடுத்து ஏற்றினால் பல மணி நேரம் எரியும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்திற் படித்துப் பரீட்சை எழுதியது. வீட்டின் பின்புறத்தில் நீண்ட இருக்கையாகக் கிடந்த பனங்குற்றிகள் முன்னர் பதுங்குகுழிக்கு மேல் மூடியிருந்தவை. விறாந்தைத் தூண் ஒன்றில் எறிகணைச் சிதறல் பட்ட இடத்தைப் பூசாமல் விட்டிருந்தனர். அதைச் சுற்றிச் சட்டமும் இல்லை, விளக்கமும் இல்லை.

அடுக்களைப் பக்கத்து மரத்தட்டில் பித்தளை மூக்குப்பேணிகள் துலக்கப்பட்டு மின்னின. யாழ்ப்பாணத்தின் அடையாளம் என்று நாம் பெருமையோடு படம் பிடிக்கும் பாத்திரம் அது. வாய் வைத்துக் குடித்தால் எச்சிற்படும் என்பதற்காக, அண்ணாந்து ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்துச் செய்யப்பட்டது. அந்த வரிசையின் கடைசியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. கறுத்து, விளிம்பு தேய்ந்து, துலக்கவும் படாமல்.

"இதென்ன தங்கச்சி, சிரட்டையையும் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"கொட்டிலைப் பிரிக்கேக்கை இறப்பிலை செருகிக் கிடந்தது அண்ணை. வேலைக்கு வாற ஆக்களுக்குப் பாட்டி அதிலைதான் தேத்தண்ணி வாக்கிறவ. பேணியை வைச்சால் இதையும் வைக்கத்தானே வேணும்" என்றார்.

அவரது உறவினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "போனதை ஏன் கிண்டுவான்? எடுத்து எறி" என்று மூத்தவர் ஒருவர் கோபித்துக்கொண்டாராம். இன்னொருவர் அது எமது குடும்பத்துக்கு அவமானம் என்றாராம். சிரட்டையில் தேநீர் கொடுத்தது அவமானமாகத் தோன்றவில்லை, அதைத் தட்டில் வைத்தது அவமானமாகத் தோன்றியது.

நாற்சார் வீட்டின் ஒழுங்கு என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான். படலையோடு நிற்க வேண்டியவர், வெளிமுற்றம் வரை வரலாமானவர், தலைவாசலில் இருக்கலாமானவர், உள்முற்றம் வரை நடக்கலாமானவர் என்று மனிதரைத் தரம் பிரித்த ஒரு வரைபடமும் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. கிணறும் அவ்வாறே. கல்லைச் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், பனையேறியவர் எவரும் தம் கையாற் கட்டிய வீட்டுக்குள் பின்னர் நுழைய முடியவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகும் தேநீர்க் கடைகளிற் சமமாக அமரவும் ஆலயங்களுக்குள் நுழையவும் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தவற்றை அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டுவோர் காணலாம். இந்த வரலாற்றை விட்டுவிட்டு முற்றத்தின் காற்றோட்டத்தையும் தூணின் வேலைப்பாட்டையும் மட்டும் பாராட்டி எழுதுவது பாதி உண்மையாகவே இருக்கும்.

சுண்ணாம்பு வேலை செய்த அந்த முதியவர் அந்தத் தட்டைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். சற்று நேரம் நின்றுவிட்டு, "எங்கடை அப்புவும் இஞ்சை வேலை செய்தவர்" என்று மட்டும் சொன்னாராம். பால் காய்ச்சிய அன்று அவரை உள்முற்றத்தில் முதற் பந்தியில் இருத்தினர் என்றும், அவர் வரச் சம்மதிக்க இரண்டு முறை வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டியிருந்தது என்றும் நண்பர் கூறினார். அந்த ஒரு பந்தி எதையும் சமன் செய்துவிடாது என்பதை அவரும் அறிவார். நானும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அழகுக்காக மட்டும் காக்கப்படும் வீட்டுக்கும், நடந்ததை மறைக்காமற் காக்கப்படும் வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அன்று கண்டேன்.

சட்டம் இவ்வீடுகளைக் காப்பாற்றும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடமாயின் தனியே வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வேண்டும். யாழ்ப்பாண இராச்சியமோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வீழ்ந்துவிட்டது. மலாயாக் காசில் எழுந்த எமது நாற்சார் வீடுகளிற் பெரும்பாலானவை அந்தத் திகதிக்குப் பிந்தியவை. ஆக, அவற்றின் விதி உறுதி வைத்திருப்பவர்களின் கையிலேயே இருக்கிறது. அவர்களோ ஐந்து கண்டங்களிற் சிதறிக் கிடக்கின்றனர்.

எல்லோரும் நாற்சார் வீட்டைத் திருத்தி வாழ வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கூரை மாற்றுவதற்கே பெருந்தொகை வேண்டும். பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்று அறிந்தவர்கள் விற்பதையும் குறை கூற முடியாது. ஆனால் விற்பதற்கும் இடிப்பதற்கும் முன்னர் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு நாளை ஒதுக்கி, அளவு நாடா பிடித்து வீட்டின் வரைபடத்தைக் கீறி வையுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். பழைய உறுதிகளின் பிரதியை வையுங்கள். அவற்றில் எல்லைகளும் மரங்களும் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கும். அம்மாவும் மாமியும் உயிரோடு இருக்கையில், எந்தச் சாரில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று கேட்டு எழுதுங்கள். வேலை செய்ய வந்தவர்கள் யார், அவர்கள் எந்த வழியால் வந்தனர், எங்கே நின்றனர், எதிற் குடித்தனர் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.